சொன்னதைக் கேட்பது மட்டுமா நம் வேலை?

செவிலியம் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளே,

தமிழ்நாட்டின் செவிலியர் கல்லூரிகளிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு படிக்கப் போகிறவர்கள், டிப்ளமோ மூன்று ஆண்டு படிக்கப் போகிறவர்கள், ஏ.என்.எம். பயிற்சிக்கு வந்திருப்பவர்கள், "ஆம்பளைப் பிள்ளை போய் நர்ஸ் படிக்கிறானா?" என்ற பேச்சைத் தாண்டி வந்திருக்கும் தம்பிகள் என எல்லோருக்கும் இதில் இடமுண்டு.

பல ஆண்டுகள் வார்டிலும், அதன்பின் வகுப்பறையிலும் இருந்தவள் நான். புதிதாக வரும் பேட்ச்சுகளிலிருந்து இரண்டு கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. முதல் கேள்வியை எல்லோரும் உரக்கவே கேட்பார்கள். "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா, டாக்டர் சொல்றதைக் கேட்டு ஊசி போடுற வேலைதானேன்னு சொல்றாங்க மேடம். என்ன பதில் சொல்றது?" இரண்டாவது கேள்வி அபூர்வமாக வரும். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகு, கதவோரம் நின்று ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்கும். "எனக்குக் காது சரியாக் கேட்காது மேடம். சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

இரண்டும் வேறுவேறு கவலைகள் போலத் தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். செவிலியர் என்றால் மருத்துவர் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதைக் காதில் வாங்கி, அதைச் செய்து முடிக்கும் ஆள் என்று நம் சமூகம் நினைக்கிறது. சினிமாவும் தொலைக்காட்சித் தொடரும் அப்படித்தான் காட்டுகின்றன. காது கேளாத பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும் கல்லூரியும் அதே எண்ணத்தில்தான் தயங்குகிறது. நம் வேலை உண்மையில் எது என்று தெளிந்துவிட்டால் இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும்.

உங்களுக்கு முன்னால் இருக்கும் கஷ்டங்களை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, உடற்கூறியலை ஆங்கிலத்தில் படிக்கும் முதல் மாதங்களில் பலர் அழுவார்கள். கிளினிக்கல் போஸ்டிங் தொடங்கியதும் கால் வீங்கும். காலையில் வார்டு, மதியம் வகுப்பு, ராத்திரி ரெக்கார்டு எழுதுவது என்று நாள் ஓடும். நோயாளி முன்னாலேயே திட்டு வாங்குவீர்கள். முதல் மரணத்தை நேரில் பார்க்கும் அன்று சாப்பாடு இறங்காது. கல்விக் கடனின் பாரம் தனி. இவற்றையெல்லாம் மூத்த மாணவிகளும் நல்ல ஆசிரியைகளும் துணை நின்றால் தாண்டிவிடலாம். "இந்த வேலைக்கு என்ன மதிப்பு?" என்ற சந்தேகம் மட்டும் உள்ளே நுழைந்துவிட்டால் அதை விரட்டுவது கடினம். அதனால்தான் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரவு 10 மணிக்கு நாடித் துடிப்பு 84. நள்ளிரவில் 98. இரண்டு மணிக்கு 116. ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. யூரின் பையில் கடைசி மணிநேரத்தில் சேர்ந்தது மிகக் குறைவு. கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. அதுவரை அமைதியாகப் படுத்திருந்தவர் போர்வையைத் தள்ளிக்கொண்டு புரள்கிறார். உள்ளே ரத்தம் கசிகிறது என்பதற்கான அறிகுறிகள் இவை. அழுத்தம் சரிந்த பிறகு எவரும் கண்டுபிடிக்கலாம். அதற்கு முன்பே, எண்கள் ஏறும் போக்கைப் பார்த்து, தொட்டுப் பார்த்து, இது வலியால் வரும் புரளல் இல்லை என்று தீர்மானித்து, டியூட்டி டாக்டரை எழுப்புவது செவிலியரின் வேலை. அங்கே யாரும் அவருக்கு ஆணையிடவில்லை. ஆணை வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கண்டறிந்து சொன்னவரே அவர்தான்.

இன்னொன்று. தீவிரத் தொற்று உள்ளவருக்கு அமிக்காசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் போடுவோம். இந்த மருந்துகள் சிலருக்கு உள்காதைப் பாதித்து, மீளாத கேட்கும் குறையை உண்டாக்கும். காசநோய்க்குப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் கனாமைசினும் இப்படிப் பலரின் செவியைப் பறித்திருக்கின்றன. "காதில் இரைச்சல் கேட்கிறதா? எழுந்தால் தலை சுற்றுகிறதா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டு எழுதி வைக்கும் செவிலியரால் ஒருவரின் செவி காப்பாற்றப்படலாம். எந்தத் திரைப்படத்திலும் இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை.

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அதே மருத்துவமனை ஊழியர் ஒருவரால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை அவரை அங்கிருந்த செவிலியர்களே பார்த்துக்கொண்டார்கள். கருணைக் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தபோது, அத்தனை ஆண்டுகளில் அவருக்கு ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லை என்பதும் நீதிமன்றப் பதிவில் இடம்பெற்றது. ஊடகங்கள் அந்த வழக்கைச் சட்ட விவாதமாகவே நமக்குச் சொல்லின. ஆனால் பல தலைமுறைச் செவிலியர்கள், டியூட்டி மாறி டியூட்டி, அசையாத ஓர் உடலைத் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, உலர்த்தி, ஊட்டி, தோலின் நிறத்தைக் கவனித்தார்கள். படுக்கைப்புண் வராமல் காப்பது எவ்வளவு பெரிய திறமை என்று இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி திரைக்கு வருகிறேன்.

திரைக்கு முன்பே செவிலியரைப் பற்றிய பிம்பத்தை உருவாக்கியது பத்திரிகைதான். கிரிமியப் போரின்போது 1855இல் லண்டன் படப் பத்திரிகை ஒன்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கையில் விளக்கோடு வரைந்து வெளியிட்டது. அந்த விளக்குதான் இன்றும் உங்கள் விளக்கேற்றும் விழாவில் எரிகிறது. அது இருக்கட்டும், அழகான மரபு. ஆனால் அதே பெண்மணி போர்க்கள மருத்துவமனைகளின் இறப்புக் கணக்கைத் தொகுத்து, காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுக்கக்கூடிய நோயால் இறந்தவர்களே அதிகம் என்று வண்ண வரைபடம் போட்டு அரசுக்குக் காட்டினார். 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண் அவர். செவிலியத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில், நோயாளியைக் கூர்ந்து நோக்குவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. விளக்கு நம் நினைவில் நின்றது, கணக்கு நிற்கவில்லை. இரக்கம் தெரிந்தது, அறிவு தெரியாமல் போனது.

நம் தமிழ் சினிமாவும் இதே பாதையில்தான் வந்தது. 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தில் சரோஜாதேவி செவிலியர். மருத்துவரை மணக்கிறார், நோயுறுகிறார், பிரிகிறார், பார்வை இழந்த கணவனுக்கு யாரென்று தெரியாமல் செவிலியராகத் திரும்பி வந்து பணிவிடை செய்கிறார். உருக்கமான படம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசும் படம். ஆனாலும் அதில் செவிலியப் பணி, மனைவியின் தியாகத்துக்கு ஒரு வெள்ளை உடையாக நிற்கிறது. அதற்குப் பின் வந்த பெரும்பாலான படங்களில் அந்தத் தியாகமும் போய்விட்டது. அவசரச் சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்து விடுபவர், தட்டை ஏந்தி நிற்பவர், "டாக்டர், பேஷன்ட் கண் முழிச்சிட்டார்!" என்று ஓடி வருபவர், இவ்வளவுதான் செவிலியர். நகைச்சுவைக் காட்சியில் வந்தால் நிலைமை இன்னும் மோசம். இறுக்கமான சீருடை, கதாநாயகனின் நண்பன் அடிக்கும் கமென்ட், தியேட்டரில் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் மிச்சம்தான் நைட் டியூட்டியில் ஏதோ ஒரு நோயாளியின் உறவினர் உங்களைப் பார்த்து அடிக்கும் கமென்ட்டாக வந்து சேர்கிறது. ஆண் செவிலியர் என்றால் கேலிக்கு மட்டுமே இடம்.

தவறான காட்சி ஆபத்தையும் விதைக்கும். மானிட்டரில் கோடு நேராகப் போனதும் மருத்துவர் ஓடிவந்து நெஞ்சில் ஷாக் வைப்பதைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். நேர்க்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. உடனே நெஞ்சை அழுத்தி உயிர்காப்புச் சிகிச்சை தொடங்க வேண்டும், எபிநெஃப்ரின் கொடுக்க வேண்டும். அந்த அழுத்தத்தைத் தொடங்கும் முதல் கை பெரும்பாலும் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் செவிலியரின் கை. திரையில் அந்தக் கையைக் காட்டியிருந்தால், வீட்டில் ஒருவர் சுருண்டு விழும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

'தேவதை' என்று புகழ்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2020 மே 3ஆம் தேதி ராணுவ ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மேல் பூமாரி பொழிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது என்று அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் வேலை கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். மாற்று வேலை தருவதாக அரசு சொன்னது அதற்குப் பிறகுதான். தேவதைக்குச் சம்பளமும் விடுப்பும் தேவையில்லை என்று நினைப்பது எளிது. படித்துத் தேர்ச்சி பெற்ற தொழில் வல்லுநருக்கு அவற்றை மறுப்பது கடினம். ஆகவே உங்களை யாராவது தேவதை என்று சொன்னால் நன்றி சொல்லுங்கள், கூடவே நீங்கள் படித்த படிப்பின் பெயரையும் சொல்லுங்கள்.

நல்ல படங்களும் உண்டு. ஈராக்கின் திக்ரித் நகரில் 2014இல் சிக்கிக்கொண்ட 46 இந்தியச் செவிலியர்களின் அனுபவத்தை ஒட்டி வந்த மலையாளப் படம் 'டேக் ஆஃப்' கடனையும் சம்பளத்தையும் பேசியது. கோழிக்கோட்டில் 2018இல் நிபா தாக்கியபோது, நோயாளியைப் பார்த்துக்கொண்டு தானும் தொற்றுக்கு ஆளாகி இறந்த செவிலியர் லினியின் நினைவு 'வைரஸ்' படத்தில் இருக்கிறது. மும்பையில் வேலை பார்க்கும் இரண்டு மலையாளச் செவிலியர்களின் கதையான 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்றது. பக்கத்து மாநிலத்தாரின் கதைகளில் செவிலியர் முழு மனுஷியாக வருகிறார். தமிழிலும் அப்படி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். 2007இல் 'மொழி' படத்தில் ராதாமோகன், காது கேளாத, பேச முடியாத ஒரு பெண்ணை யாருடைய பரிதாபத்துக்கும் ஏங்காதவளாகக் காட்டினார். தமிழ் மக்கள் அந்தப் படத்தைக் கொண்டாடினார்கள். அப்படி ஒரு பெண் செவிலியர் உடையில் வருவதை ஒரு படம் காட்டினால் நம்புவார்களா என்று கேட்டால், நம் மருத்துவமனைகளே முதலில் நம்பாது என்பதுதான் என் வருத்தம்.

ஏன் நம்பாது? "ஸ்டெதாஸ்கோப் வைக்க முடியாது, டாக்டர் சொல்வது கேட்காது, மானிட்டர் அலாரம் கேட்காது" என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றையும் நேர்மையாகப் பார்ப்போம்.

ஸ்டெதாஸ்கோப் எதற்காகப் பிறந்தது? 1816இல் பாரிஸில் ரெனே லேனெக் என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். வெறும் காதைவிட நன்றாகக் கேட்டது. அதாவது அது பிறந்ததே காதுக்கு உதவும் கருவியாகத்தான். இன்று ஒலியைப் பல மடங்கு பெருக்கும் மின்னணு ஸ்டெதாஸ்கோப்புகள் இருக்கின்றன. இதய ஒலியைத் திரையில் அலையாகக் காட்டுபவையும், காது கருவிக்கு நேரடியாக ஒலியை அனுப்புபவையும் இருக்கின்றன. ரத்த அழுத்தத்தைக் கேட்டு அளக்கும் முறையை 1905இல்தான் கொரோட்காஃப் சொன்னார். அதற்கு முன் 1896இல் ரிவா ரோச்சி நாடியைத் தொட்டே மேல் அழுத்தத்தை அளந்தார். இன்று நம் வார்டுகளில் பல பிபி மெஷின்கள் காதின் உதவியே இல்லாமல் எண்ணைக் காட்டுகின்றன.

ஹெலன் டாசிக் என்ற பெயரை நினைவில் வையுங்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் இதய நோய்ப் பிரிவை வளர்த்தவர். இளம் வயதிலேயே கேட்கும் திறனை இழந்தார். உதட்டசைவைப் படித்தார், காதுக் கருவி வைத்தார், குழந்தையின் நெஞ்சில் விரல்களை வைத்து இதயத்தின் அதிர்வை உணர்ந்தார். உடல் நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் அறுவை சிகிச்சைக்கு வழி சொன்னவர் அவர். ஆல்ஃபிரட் பிளேலாக், விவியன் தாமஸ் ஆகியோரோடு சேர்ந்து உருவாக்கிய அந்தச் சிகிச்சை 1944 நவம்பரில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. உலகமே இதயத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் அதைத் தொட்டு அறிந்தார்.

அடுத்தது, டாக்டர் சொல்வது கேட்காது என்ற காரணம். கேட்கும் காதுகள் உள்ளவர்களும் தவறாகக் கேட்கிறார்கள். டோபமின், டோபுடமின் என்ற இரண்டு மருந்துகளை இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் சொன்னால் எத்தனை பேருக்குப் பிரித்துக் கேட்கும்? ஒலியில் ஒத்த மருந்துப் பெயர்களால் நேரும் ஆபத்தை உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே நோயாளி பாதுகாப்புப் பிரச்சினையாகப் பட்டியலிட்டது. வாய்மொழி ஆணையை எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துக் காட்டி, உறுதி பெற வேண்டும் என்ற விதி வந்ததற்குக் காரணம் காது கேளாத செவிலியர்கள் இல்லை. எழுத்தில் ஆணை, எழுத்தில் ஹேண்ட் ஓவர், முகம் பார்த்துப் பேசுவது ஆகிய மூன்றும் காது கேளாத மாணவிக்குத் தேவை. நோயாளியின் பாதுகாப்புக்கும் இந்த மூன்றுமே தேவை.

மூன்றாவது, அலாரம். நம் மானிட்டர்களில் ஒலியோடு விளக்கும் எரிகிறது. அதிர்வில் உணர்த்தும் கருவிகள் உண்டு. ஆனாலும் இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. நள்ளிரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் தனியாக நிற்பதும், எல்லோரும் முகக்கவசம் கட்டிய அறுவை அரங்கில் வேகமாக வரும் வார்த்தைகளைப் பிடிப்பதும் உதட்டசைவை நம்பும் ஒருவருக்குக் கடினம். வாய்ப் பகுதியில் கண்ணாடி போலத் தெரியும் முகக்கவசங்கள் கொரோனா காலத்தில் வந்தன, அவை ஓரளவு உதவும். எல்லா இடமும் எல்லோருக்கும் பொருந்தாது. நன்றாகக் காது கேட்கும் செவிலியர்களும் எல்லாப் பிரிவிலும் வேலை செய்வதில்லையே. டயாலிசிஸ், தடுப்பூசி, காயம் கட்டும் பிரிவு, சமூக சுகாதாரம், நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு, கற்பித்தல் என்று நம் தொழிலுக்கு எத்தனை கிளைகள்! ஓரிரு கிளையில் ஏற முடியாது என்பதற்காக மரத்தடிக்கே வராதே என்று சொல்வது நியாயமா?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஃபிரான்சஸ் டேவிஸ் என்ற பெண், ஏற்கெனவே உரிமம் பெற்ற உதவிச் செவிலியர், பதிவு பெற்ற செவிலியராகப் படிக்க விண்ணப்பித்தார். கேட்கும் குறையைக் காட்டிக் கல்லூரி மறுத்தது. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சென்றது. 1979 ஜூனில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கல்லூரியின் பக்கம் நின்றார்கள். பாடத்திட்டத்தைப் பெரிதும் மாற்றித்தான் சேர்க்க வேண்டும் என்றால் அது கல்லூரியின் கடமை ஆகாது என்றார்கள். 1990இல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு விரிவான சட்டம் வந்தது. 2013இல் நெப்ராஸ்காவில் காது கேளாத ஒரு மருத்துவ மாணவர், பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் வசதியும் மொழிபெயர்ப்பாளரும் கேட்டுத் தொடுத்த வழக்கில், கல்லூரி பாகுபாடு காட்டியது என்று ஜூரி சொன்னது. 34 ஆண்டுகளில் மனிதரின் காது மாறவில்லை. கருவியும் சட்டமும் மாறின, அவற்றோடு மனமும் மாறியது.

நம் நாட்டின் நிலை என்ன? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் காது கேளாமையையும் கேட்கும் குறையையும் தனித்தனியே வரையறுக்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. தேவையான நியாயமான வசதிகளைச் செய்து தரவும் சொல்கிறது. ஆனால் இந்தியச் செவிலியர் மன்றத்தின் 2021ஆம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் விதிமுறையில் அந்த 5 சதவீதம், கால்களில் 40 முதல் 50 சதவீதம் வரை இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று குறுக்கப்பட்டிருக்கிறது. காது கேளாதோர் அந்தப் பட்டியலில் இல்லை.

2024 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு உள்ள ஒரு மாணவருக்கு எம்.பி.பி.எஸ். இடம் மறுக்கப்பட்ட வழக்கு அது. குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் பார்த்து ஒருவரை நிராகரிக்கக் கூடாது, அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்று மருத்துவ வாரியம் ஆராய்ந்து, காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கே.வி. விஸ்வநாதன். மருத்துவப் படிப்புக்குச் சொன்ன இந்த நியாயம் செவிலியப் படிப்புக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. செவிலியர் மன்றம் தன் விதியை இந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் திருத்த வேண்டும்.

இது அவசரமான விஷயமும்கூட. 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், பிறவியிலேயே காது கேளாத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி இலவசமாகப் பொருத்தப்பட்டு வருகிறது. பல லட்சம் ரூபாய் பெறும் சிகிச்சை அது. பொருத்திய பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. அம்மாமார்கள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அப்படி வளர்ந்த முதல் குழந்தைகள் இப்போது பிளஸ் டூ வயதில் இருக்கிறார்கள். மருத்துவமனையில் புது வாழ்வு பெற்ற பிள்ளைக்கு மருத்துவமனையிலேயே வேலை செய்ய ஆசை வருவது இயல்பு. காது கொடுத்த அரசு, கல்லூரிக் கதவை மூடலாமா?

இந்த மடலைப் படிக்கும் உங்களில் யாருக்காவது காது மந்தம் இருந்தால், உங்களிடம் தனியாகச் சில வார்த்தைகள். மறைக்காதீர்கள். தலைமுடியில் கருவியை மறைத்து, கேட்காததற்கும் "சரி சிஸ்டர்" என்று தலையாட்டும் மாணவியால்தான் நோயாளிக்கு ஆபத்து. "இடது பக்கம் வந்து சொல்லுங்க", "எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்கும் மாணவியால் ஆபத்தில்லை. ஆடியோகிராம் எடுத்து வையுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குத் தகுதி இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன வசதி வேண்டும் என்று முதல்வருக்கு எழுத்தில் கொடுத்து, நகல் ஒன்றைப் பத்திரமாக வையுங்கள். வகுப்பில் முன் வரிசை, ஆசிரியரின் முகம் தெரியும் இருக்கை, பாடக்குறிப்பு முன்கூட்டியே, செய்முறைத் தேர்வில் மின்னணு ஸ்டெதாஸ்கோப் ஆகியவற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்திருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. அறைக்குள் அனுமதி கேட்காமல் போகவே கூடாது. அதன் உள்ளே காந்தம் இருக்கிறது. இதை உங்கள் போஸ்டிங் பொறுப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

காது நன்றாகக் கேட்கும் மற்ற பிள்ளைகளே, உங்களிடமும் கேட்கிறேன். தோழிக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தால் அவள் காதில் கத்தாதீர்கள். முகம் பார்த்து, கையை வாயில் வைக்காமல், சாதாரணமாகப் பேசுங்கள். வகுப்புக் குறிப்பைப் பகிருங்கள். இந்திய சைகை மொழியில் ஒரு முப்பது சைகையாவது கற்றுக்கொள்ளுங்கள்: வலி, எங்கே, மூச்சு, மருந்து, தண்ணீர், பயப்படாதே. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்களுக்கு மேல் காணொளி அகராதியாகத் தந்திருக்கிறது. ஒரு நாள் காது கேளாத கர்ப்பிணி ஒருத்தி உங்கள் பிரசவ வார்டுக்கு வருவாள். எப்போது முக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கக்கூடும்.

ஆசிரியைகளுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லேபில் ஒரு மின்னணு ஸ்டெதாஸ்கோப் வாங்கி வையுங்கள். அது எல்லா மாணவருக்கும் பாடம் நடத்தப் பயன்படும். டெமோ செய்யும்போது முகக்கவசத்துக்குள் விளக்காதீர்கள், முதலில் விளக்கிவிட்டுப் பிறகு கட்டிக்கொள்ளுங்கள். ஒரு மாணவி சேர்க்கைக்கு வந்தால் "முடியாது" என்று சொல்வதற்கு முன், எந்தச் செய்முறையை எந்த உதவியோடு அவளால் செய்ய முடியும் என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

படம் எடுப்பவர்களுக்கும் தொடர் எழுதுபவர்களுக்கும் என் வேண்டுகோள் இன்னும் சிறியது. மருத்துவமனைக் காட்சி எழுதுமுன் ஒரு நைட் டியூட்டி முழுவதும் ஒரு வார்டில், அனுமதி பெற்று, ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பிள்ளைகளே, அந்த மாற்றங்களுக்காகக் காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள். வீட்டில், பேருந்தில், திருமண வீட்டில் யாராவது "டாக்டர் சொல்றதைக் கேட்கிற வேலைதானே?" என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். நாடித் துடிப்பு ஏறியதைக் கண்டு நீங்கள் காப்பாற்றிய ஒருவரின் கதையை, பெயர் சொல்லாமல், சொல்லுங்கள். தவறாகக் காட்டும் ஒரு தொடரைப் பார்த்தால் சேனலுக்கு எழுதுங்கள், பத்துப் பேர் கையெழுத்திட்டு எழுதுங்கள். உங்கள் வகுப்பில் ஒரு தோழிக்குக் காது கேட்கவில்லை என்பதற்காக அவளை நீக்கப் பார்த்தால், வகுப்பே சேர்ந்து முதல்வர் அறைக்குப் போங்கள். பார்ப்பதும் தொட்டறிவதும் கணிப்பதும் எழுதி வைப்பதும் துணிந்து எடுத்துச் சொல்வதும் நம் தொழில். அவளும் இதைச் செய்வாள் என்று சாட்சி சொல்ல உங்களைவிடத் தகுதியானவர்கள் வேறு யாரும் இல்லை. அந்தச் சாட்சியை மறக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த செவிலிய ஆசிரியை ஒருத்தி